தீர்ப்பும் பொறுப்பும்: அரச நிருவாகத்திற் கணனியின் இடம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் இடம்பெறும் வழக்கு தமிழர் யாவரும் அறிந்ததொன்றாகும். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, விசாரணை எதுவுமின்றி, கோவலனைக் கொல்லுமாறு பாண்டியன் பணித்தான். பின்னர் கண்ணகி அரசவை புகுந்து தன் சிலம்பை உடைத்துக் காட்டியபோது முத்துத் தெறிக்கவில்லை, மாணிக்கம் தெறித்தது. மன்னன் தன் பிழையை உணர்ந்தான். உணர்ந்த கணத்திலேயே உயிர் துறந்தான். அறத்தின் வெற்றி எனவும் கற்பின் வலிமை எனவும் இக்கதையை விளக்குவது மரபு. ஆயின் அரச நிருவாகம் என்ற நோக்கில் அதனை அணுகும்போது வேறு மூன்று செய்திகள் புலனாகின்றன. தீர்ப்பளித்தவன் யாரென்பது தெரிந்திருந்தது. அவன் முன் நின்று வினவுவதற்கு ஒரு வாயில் இருந்தது. பிழை வெளிப்பட்டபோது அதனைத் தன் பிழையென ஏற்றுக்கொள்ள ஒருவன் இருந்தான். இவை கோவலனைக் காப்பாற்றவில்லை என்பது உண்மையே. எனினும், நடந்தது தவறு என்பது நிலைநாட்டப்படுவதற்கு இம்மூன்றும் இன்றியமையாதனவாயின.

இன்றைய அரசுகள் பல தம் குடிகளைப் பற்றிய தீர்மானங்களைக் கணனி நிரல்களிடம் ஒப்படைத்து வருகின்றன. யாருக்கு உதவிப்பணம் வழங்குவது, யாரை மோசடிக்காரரெனச் சந்தேகிப்பது, யாரிடமிருந்து பணத்தை மீள அறவிடுவது என்பன போன்ற வினாக்களுக்கு இயந்திரம் தரும் விடையே இறுதி விடையாகக் கொள்ளப்படுகின்றது. அவ்விடை பிழைக்கும்போது, தீர்ப்பளித்தவன், வாயில், பொறுப்பேற்போன் ஆகிய மூன்றும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. கணனி தவறிழைக்கும் என்பது புதிய செய்தியன்று, மனிதரும் தவறிழைப்பர். சிந்தனைக்குரியது, பிழையான விடையை இத்துணைப் படித்த உத்தியோகத்தர்களும் சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் ஆண்டுக்கணக்காக ஏன் நம்பினர் என்பதேயாகும். அறியாமை ஒரு காரணமாகலாம். ஆனால் அந்நம்பிக்கை நிருவாகத்துக்கு வசதியாக அமைந்தமையே அது நிலைபெற்றமைக்குரிய தலையாய காரணம் எனலாம். தீர்மானம் உண்டு, தீர்மானித்தவர் எவருமில்லை என்ற நிலையில், பிழையின் சுமை முழுவதும் எளியோரின் தோளில் இறங்குகின்றது. இக்கூற்றினை அண்மைக்கால நிகழ்ச்சிகள் சிலவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கணனி தோன்றுவதற்கு முன்னரே இப்பிரச்சினையின் வித்து ஊன்றப்பட்டுவிட்டது. நவீன பணியாட்சி முறையை ஆராய்ந்த மாக்ஸ் வெபர், விருப்பு வெறுப்பின்றி விதிகளின்படி, முன்கூட்டியே கணிக்கத்தக்கவாறு இயங்குவதே அதன் சிறப்பியல்பு என்றார். மேலே வழக்கேடுகளையும் கட்டணத்தையும் இட்டால் கீழே தீர்ப்பை உமிழும் இயந்திரமாக நீதிபதி மாறக்கூடும் என அவர் உவமித்துமுள்ளார். பணியாட்சியினை 'எவருமற்றவரின் ஆட்சி' எனக் குறித்த ஹன்னா ஆரென்ற், கேள்வி கேட்பதற்கு எவருமே எஞ்சாத ஆட்சி கொடுங்கோன்மையின் ஒரு வடிவமே என வாதிட்டார். வெபர் சுட்டிய இயந்திரத் தன்மையும் ஆரென்ற் சுட்டிய ஆளில்லாத் தன்மையும் கணனியில் ஒன்றிணைகின்றன.

கணனித் துறைக்கு உள்ளிருந்தே இதுபற்றிய எச்சரிக்கை எழுந்தமையும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. மனிதரோடு உரையாடுவதுபோல் தோற்றம் தரும் 'எலைசா' என்னும் நிரலை 1966இல் வெளிப்படுத்திய ஜோசப் வைசன்பாம், அந்நிரலை மனிதர் இத்துணை எளிதில் நம்பியமை கண்டு திடுக்கிட்டார். கணனியின் ஆற்றலையும் மனிதப் பகுத்தறிவையும் பற்றி 1976இல் அவர் வெளியிட்ட நூல், கணித்து முடிவு காண்பதற்கும் பொறுப்புணர்ந்து தெரிவு செய்வதற்கும் இடையிலான வேறுபாட்டினை வற்புறுத்தியது. கணனியாற் செய்ய இயலுமா என்ற வினாவுக்கு முன்னதாக, கணனியைக் கொண்டு செய்விக்கத் தகுமா என்ற வினா எழுப்பப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வினா எழுப்பப்படாதபோது நேர்ந்தவற்றை இனி நோக்குவோம்.

3

அவுஸ்திரேலியாவிலே சமூக நலக் கொடுப்பனவுகளை வழங்கும் அமைப்பு 'சென்ரர்லிங்க்' எனப்படும். வேலையற்றோரும் மாணவரும் பிறரும் இரு வாரங்களுக்கு ஒருமுறை தம் வருமானத்தை அதற்கு அறிவிப்பர். அவ்வருமானத்துக்கேற்பக் கொடுப்பனவு கூடும் அல்லது குறையும். 2015ஆம் ஆண்டில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டு 2016இல் முழு அளவில் நடைமுறைக்கு வந்த ஒரு திட்டம், வரித் திணைக்களத்திலிருந்து பெறப்பட்ட ஆண்டு வருமானக் கணக்கை இவ்வறிவித்தல்களோடு ஒப்பிட்டது. கடன்பட்டவர் தாம் என்பதை நிரூபிக்க எவரும் முன்வராத நிலையிலே கடனை விதித்த இத்திட்டத்தை மக்கள் 'இயந்திரம் விதித்த கடன்' என்னும் பொருள்பட 'றோபோடெப்ற்' என்றழைத்தனர்.

அதன் கணிதம் மிக எளிது. ஆண்டு வருமானம் இருபத்தாறு கூறுகளாகச் சமமாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் இரு வாரத்திலும் அச்சராசரித் தொகை உழைக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. உதாரணமாக, ஒருவர் ஆண்டின் முதற் பாதியில் வேலை செய்து, இரு வாரத்துக்கு 2,000 டொலர் வீதம் 26,000 டொலர் உழைத்தார் எனக் கொள்வோம். பிற்பாதியில் வேலையிழந்து, வருமானம் எதுவுமில்லை என உண்மையாகவே அறிவித்து, உதவிப்பணம் பெற்றார். இயந்திரத்தின் கணக்கிலோ அவர் ஆண்டு முழுவதும் இரு வாரத்துக்கு 1,000 டொலர் உழைத்தவராகின்றார். எனவே அவர் பொய்யுரைத்தவர். பெற்ற உதவிப்பணத்துக்குக் கடனாளி. மாரியிற் பெய்த மழையைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பங்கிட்டு, ஆடி மாதத்திலும் குளம் நிரம்பியே இருந்தது என வன்னி விவசாயியிடம் சாதிப்பதற்கு இது ஒப்பாகும். நிரந்தரச் சம்பளம் பெறுவோருக்கு இக்கணக்கு பொருந்தும். பருவத்துக்கேற்ப வேலை செய்யும் கூலியாட்களுக்கும், விடுமுறைக் காலத்தில் மட்டும் உழைக்கும் மாணவருக்கும், அதாவது எவருக்கென உதவிப்பணம் ஏற்படுத்தப்பட்டதோ அவர்களுக்கே, அது பொருந்தாது.

இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இத்திட்டத்தில் நுட்பம் மிக்க செயற்கை அறிவு எதுவும் இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய பிரித்தற் கணக்கே இருந்தது. சராசரி காணும் முறையும் புதிதன்று. ஆயின் முன்னர் ஐயம் எழும்போது ஓர் உத்தியோகத்தர் கோப்பினைப் புரட்டிப் பார்ப்பார். தொழில் வழங்கியவரிடமிருந்து சம்பள விபரங்களைப் பெறுவார். அதன் பின்னரே முடிவெடுப்பார். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20,000 விடயங்களே இவ்வாறு ஆராயப்பட்டன. புதிய திட்டத்தின் கீழ் வாரமொன்றுக்கே ஏறத்தாழ 20,000 கடிதங்கள் அனுப்பப்பட்டன. புகுத்தப்பட்டது இயந்திரம் என்பதைவிட, அகற்றப்பட்டது மனிதர் என்பதே பொருத்தமான விவரணமாகும்.

மனிதர் அகற்றப்பட்டதும் எண்பிக்கும் சுமை இடம்பெயர்ந்தது. கடன் உண்டு எனக் கூறும் அரசு அதனை நிரூபிக்க வேண்டும் என்பது பொதுவான சட்ட நெறி. இங்கோ, கடன் இல்லை என்பதைக் குடிமகன் நிரூபிக்க வேண்டியவனானான். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர், இன்று மூடப்பட்டுவிட்ட ஓர் உணவகத்திலே பெற்ற சம்பளச் சீட்டை அவன் எங்ஙனம் தேடுவான்? கடிதத்துக்குப் பதிலளிக்காதோரிடம் சராசரிக் கணக்கின்படி அறவிடப்பட்டது. பலரிடம் 10 வீத மேலதிகத் தொகையும் சேர்க்கப்பட்டது. தனியார் கடன் அறவிடும் நிறுவனங்களும் ஏவப்பட்டன. தொடக்ககாலக் கடிதங்களிலே, இவ்விடயத்துக்கென ஒதுக்கப்பட்ட தொலைபேசி இலக்கம் கூடக் குறிப்பிடப்படவில்லை. மக்களை இணையத்துக்குத் திருப்புவதே நோக்கமாக இருந்தது. ஆராய்ச்சி மணி கட்டிய சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்தோருக்கு, மணியின் கயிற்றை அறுத்துவிட்ட இச்செயலின் பொருள் விளக்கமின்றியே விளங்கும்.

பிழை தெரியாமலா இது நடந்தது? 2014ஆம் ஆண்டின் இறுதியிலேயே, இம்முறை சட்டத்தோடு பொருந்தாது என அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் சட்ட ஆலோசகர்கள் எழுத்தில் அறிவித்திருந்தனர். 2017 மார்ச்சில், நிருவாக மேன்முறையீட்டு மன்றத்தின் உறுப்பினரும் சட்டப் பேராசிரியருமான ரெறி காணி, சராசரியின் அடிப்படையிலான கடன் சட்டத்தில் நிலைபெறாது எனத் தீர்ப்பளித்தார். அரசாங்கம் அத்தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யவில்லை. மேன்முறையீடு செய்திருப்பின் வினா பகிரங்க நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கும். அம்மன்றத்தின் முதற்படித் தீர்ப்புகள் பிரசுரிக்கப்படாதமையால், முறையிட்ட ஒருவர் தப்பினார். முறையிடாத பல்லாயிரவர் செலுத்திக்கொண்டேயிருந்தனர். அதே ஆண்டில் காணியின் பதவிக்காலம் முடிவுற்றபோது அது புதுப்பிக்கப்படவில்லை.

2019 நவம்பரில், வழக்கொன்றிலே அரசின் இணக்கத்துடனேயே, இம்முறையில் விதிக்கப்பட்ட கடன் சட்டப்படி செல்லுபடியாகாதெனக் கூட்டாட்சி நீதிமன்றம் பிரகடனம் செய்தது. 2020 மே மாதத்தில் 470,000 கடன்கள் தொடர்பாக 721 மில்லியன் டொலரை மீளச் செலுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021இல் கூட்டு வழக்கின் இணக்கத்தை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், ஏறத்தாழ 433,000 பேர்மீது 1.7 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகை சட்டவிரோதமாகக் கோரப்பட்டதைப் பதிவு செய்தது. கத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழு 2023 யூலையில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. கடனறிவித்தல் பெற்றபின் தற்கொலை செய்துகொண்ட இளைஞரின் தாய்மார் அவ்வாணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். இரக்கமின்மையும் சட்டமின்மையும் ஒருங்கே கொண்டதோர் ஏற்பாடு என்பதே அறிக்கையின் சாரம்.

அறிக்கையைப் படிக்கும்போது வெளிப்படும் செய்தி, இயந்திரத்தின்பால் அதிகாரிகள் கொண்ட மயக்கம் மட்டுமன்று. அவர்களிற் பலர் வினாவைக் கேட்காதிருப்பதையே விரும்பினர். கேட்டிருப்பின் விடை தெரிந்திருக்கும். விடை தெரிந்திருப்பின் எதிர்பார்த்த பணச் சேமிப்பு கைக்கு எட்டியிராது. 'முறைமை அவ்வாறு கணித்தது' என்னும் வாக்கியம் எல்லோருக்கும் புகலிடமாயிற்று.

4

அவுஸ்திரேலியாவிற் பிழைத்தது நிருவாகம். பிரித்தானியாவிலோ நீதித்துறையே இயந்திரத்தின் சொல்லுக்குத் தலைவணங்கியது. அந்நாட்டின் உப தபாலகங்களில் 1999ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கியல் முறைமை புகுத்தப்பட்டது. 'புஜிற்சு' நிறுவனம் வழங்கிய அம்முறைமை, பல உப தபாலதிபர்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. பற்றாக்குறையை நிரப்புவது ஒப்பந்தப்படி அவர்கள் பொறுப்பு எனக் கூறப்பட்டது. சிலர் தம் சேமிப்பைக் கொட்டினர். சிலர் வீட்டை இழந்தனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர். அவ்வழக்குகளிற் பெரும்பாலானவற்றைத் தொடுத்தது தபால் நிறுவனமேயாகும். உதவிகோரித் தொலைபேசியில் அழைத்தோரிற் பலர், இத்தகைய சிக்கல் வேறெவருக்கும் இல்லை, உமக்கு மட்டுமே உண்டு என்னும் மறுமொழியைப் பெற்றனர்.

இதன் பின்னணியிலுள்ள சட்ட வரலாறு கவனத்துக்குரியது. 1984ஆம் ஆண்டின் சட்டமொன்று, கணனி வழங்கும் ஆவணத்தைக் குற்றவியல் வழக்கிற் சான்றாக முன்வைப்போர் அக்கணனி முறையாக இயங்கியமையைக் காட்ட வேண்டும் என விதித்திருந்தது. இந்நிபந்தனை வேண்டாத சுமையெனக் கருதப்பட்டு 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன் விளைவாக, மறுதலையாகக் காட்டப்படும்வரை இயந்திரம் சரியாகவே இயங்கியது என்னும் பொதுச் சட்ட அனுமானம் கணனிக்கும் உரியதாயிற்று. மணிக்கூட்டுக்கும் வெப்பமானிக்கும் பொருந்தக்கூடிய அனுமானம், எவராலும் முற்றாக அறியப்படாத ஒரு பெரும் நிரற்றொகுதிக்கு வழங்கப்பட்டது. ஹொரைசன் முறைமை நாடெங்கும் பரவிய காலமும் இச்சட்ட மாற்றத்தின் காலமும் ஒன்றே. கிராமத்து உப தபாலதிபர் ஒருவர், தாம் பார்க்க அனுமதிக்கப்படாத நிரலின் பிழையைத் தாமே நிரூபிக்க வேண்டியவரானார். மனிதர் குற்றமற்றவர் என்னும் அனுமானமும், இயந்திரம் குற்றமற்றது என்னும் அனுமானமும் ஒரே நீதிமன்றத்தில் மோதியபோது, வென்றது இயந்திரத்துக்குரிய அனுமானமே.

555 பேர் கூட்டாகத் தொடுத்த வழக்கிலே, அம்முறைமை பிழைகளும் குறைபாடுகளும் கொண்டதென நீதியரசர் பிரேசர் 2019 டிசெம்பரில் தீர்ப்பளித்தார். 2021 ஏப்பிரலில் 39 பேரின் குற்றத் தீர்ப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன. 2024இற் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றியே எஞ்சிய பெருந்தொகையான தீர்ப்புகளை அழிக்க வேண்டியதாயிற்று. அதற்கிடையிற் பலர் குற்றவாளிகளாகவே இறந்திருந்தனர்.

5

இவற்றைக் கேட்போர், இயந்திரத்தின் முடிவை இறுதியில் ஒரு மனிதர் பரிசீலித்தாற் போதுமே எனக் கூறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளும், முற்றிலும் தன்னியக்கமான தீர்மானத்துக்கு மட்டும் ஆட்படாதிருக்கும் உரிமையைத் தனிமனிதருக்கு வழங்குகின்றன. இவ்வேற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆனால் அது போதாது என்பதற்கு நெதர்லாந்தின் அனுபவம் சான்றாகும்.

அந்நாட்டு வரி நிருவாகம், குழந்தைப் பராமரிப்பு உதவிப்பணம் கோரும் பெற்றோரின் விண்ணப்பங்களுக்கு 2013 முதல் ஒரு கணனி மாதிரியைக் கொண்டு அபாயப் புள்ளி இட்டது. டச்சுக் குடியுரிமையின்மை அப்புள்ளியை உயர்த்தும் காரணிகளுள் ஒன்றாக இருந்தது. உயர்ந்த புள்ளி பெற்ற விண்ணப்பத்தை ஓர் உத்தியோகத்தர் பார்வையிட்டார் என்பது உண்மை. ஆனால் அப்புள்ளி ஏன் உயர்ந்தது என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. காரணம் அறியாமற் சந்தேகத்தை மட்டும் பெற்றுக்கொண்ட ஒருவர், சந்தேகத்தை உறுதிப்படுத்தும் சான்றையே தேடுவார். கையொப்பம் ஒன்று குறைந்திருப்பதும் சிறு தொகை செலுத்தப்படாதிருப்பதும் மோசடிக்குச் சான்றாயின. கண்டிப்பான சட்டமும் சேர்ந்துகொள்ளப் பல்லாயிரம் குடும்பங்கள், அவற்றுள்ளும் குறிப்பாகக் குடிபெயர்ந்து வந்தோரின் குடும்பங்கள், பெற்ற உதவி முழுவதையும் திருப்பிச் செலுத்துமாறு பணிக்கப்பட்டுக் கடனில் மூழ்கின. 2020 டிசெம்பரில் வெளிவந்த பாராளுமன்ற விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து, 2021 சனவரியில் அந்நாட்டு அரசாங்கம் பதவி துறந்தது.

மனிதர் அங்கிருந்தனர், ஆனால் தீர்மானிக்கும் மனிதராக இருக்கவில்லை. 1990களில் கத்லீன் மோசியர், லிண்டா ஸ்கிற்கா ஆகியோர் போலி விமானப் பறப்புச் சூழலில் நிகழ்த்திய உளவியல் ஆய்வுகள் இதற்கு விளக்கமளிக்கின்றன. தன்னியக்கச் சாதனத்தின் துணை பெற்றோர், அது சுட்டத் தவறியவற்றைத் தாமும் கவனியாது விட்டனர். ஏனைய கருவிகள் மாறாகக் காட்டியபோதும் அதன் பிழையான அறிவுறுத்தலைப் பின்பற்றினர். விமானத்தின் நிலை இதுவாயின், அலுவலகத்தின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. இயந்திரத்தோடு உடன்படும் உத்தியோகத்தருக்கு விளக்கம் எழுத வேண்டிய தேவையில்லை. முரண்படுபவரே விளக்கம் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் உடன்பட்டவர்மீது குற்றமில்லை. முரண்பட்டவர்மீதே விரல் நீளும். இத்தகைய சூழலில் எவர்தாம் முரண்படுவர்? எனவே அளவுமீறிய நம்பிக்கையைத் தனிமனிதரின் உளக் குறைபாடாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அது அலுவலகத்தின் அமைப்பிலேயே விளைவிக்கப்படுகின்றது.

6

இவ்வாதத்துக்கு வலிமை வாய்ந்த எதிர்வாதம் ஒன்றுண்டு. மனித உத்தியோகத்தர் கருணையின் வடிவம் எனக் கொள்வதற்கு என்ன ஆதாரம்? அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம், உறவு, சாதி, இனம், மொழி ஆகியன நிருவாகத்திற் புரிந்துவந்த அநீதியை அனுபவித்தோர், முகம் பாராத கணனியை வரவேற்பது இயல்பேயாகும். விதியின் முன் யாவரும் சமம் என்பது எளியோருக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. இதனை மறுப்போர் பழைய தரகு முறைக்குத் திரும்பும் வழியையே திறந்துவிடுவர்.

இவ்வெதிர்வாதத்திலுள்ள உண்மையை ஏற்றுக்கொண்டே மேற்செல்ல வேண்டும். ஆனால் எண்ணுக்கு முகமில்லை என்பது முழு உண்மையன்று. எந்த எண்ணை எதனால் வகுப்பது என்று முடிவு செய்தவருக்கு முகமுண்டு, நோக்கமும் உண்டு. இலங்கைத் தமிழருக்கு இது நூலறிவாற் பெற்ற செய்தியன்று. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிப்படுத்திய தரப்படுத்தல் முறை, புள்ளிவிபரவியலின் மொழியிலேயே முன்வைக்கப்பட்டது. அரசியல் தீர்மானம் ஒன்று சூத்திரத்தின் உடையை அணிந்தபோது, அதனை எதிர்த்தோர் கணிதத்தையே எதிர்ப்போர்போல் காட்டப்பட்டனர். நெதர்லாந்தின் அபாயப் புள்ளியும் இவ்வழிப்பட்டதே. பாரபட்சம் உத்தியோகத்தரின் உள்ளத்திலிருந்து நிரலின் உள்ளே குடிபெயர்கின்றது. அங்கு அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சூத்திரம் கண்ணுக்குத் தெரிந்தால் நேரக்கூடிய மாற்றத்துக்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 2011ஆம் ஆண்டின் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டின் கீழும் மாணவர் தோற்றினர். இரு சாராரையும் ஒன்றிணைத்து இசற் புள்ளி கணிக்கப்பட்ட முறை பிழையென மாணவர் நீதிமன்றம் சென்றனர். 2012 யூனில் உயர் நீதிமன்றம் அப்புள்ளிகளை இரத்துச் செய்து, இரு சாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. சராசரியும் நியம விலகலும் பாடநூலில் உள்ளவை. எவரும் எடுத்து ஆராயக்கூடியவை. அதனாலேயே அவ்வழக்கு வாதிடத்தக்கதாயிற்று. சூத்திரம் பூட்டிய பெட்டிக்குள் இருந்திருப்பின், மாணவரின் ஐயம் வெறும் முறுமுறுப்பாகவே முடிந்திருக்கும்.

2023இல் நடைமுறைக்கு வந்த 'அஸ்வெசும' நலன்புரித் திட்டமும் இந்நோக்கில் மதிப்பிடத்தக்கது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளைச் சார்ந்த 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் மதிப்பிடப்பட்டன. அரசியற் செல்வாக்கினாற் பயனாளிகள் தெரிவு செய்யப்படுகின்றனர் என்னும் பழைய குறைக்கு மாற்றாகவே இம்முறை முன்வைக்கப்பட்டது. அந்நோக்கம் நேரியதே. ஆயின் அவ்வாண்டு யூனிற் பெயர்ப் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் முன் மக்கள் திரண்டனர். அவர்கள் அனைவரும் தகுதியுடையோர் எனக் கொள்ளத் தேவையில்லை. அவர்கள் கேட்டது 'ஏன்' என்னும் ஒரு வினாவையே. அயலவரின் வறுமையை நாள்தோறும் காணும் கிராம உத்தியோகத்தருக்கு அவ்வினாவுக்கு விடையளிக்கும் அறிவு இருக்கலாம். மாற்றியமைக்கும் அதிகாரம் இல்லையெனில் அவ்வறிவாற் பயனென்ன? அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததும் இங்கு நிகழ்ந்ததும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். இங்கு வீடுதோறும் தகவல் திரட்டப்பட்டது; மேன்முறையீட்டுக்கும் இடமளிக்கப்பட்டது. ஆனால் வினாவுக்கு விடையளிப்பவர் யார் என்னும் சிக்கல் ஈரிடத்தும் ஒன்றே.

7

மேற்காட்டிய நிகழ்ச்சிகளைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, குடிமகனுக்கு எதிராக ஒன்றைச் சாதிக்கும் அரசே அதனை எண்பிக்க வேண்டும். இயந்திரத்தின் விடை விசாரணையின் தொடக்கமாகலாம், முடிவாகலாகாது. இரண்டாவது, கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்பது பாதிக்கப்பட்டவருக்கு விளங்கும் மொழியில் வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். மூன்றாவது, பெயர் குறிப்பிடத்தக்க ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். இயந்திரத்தின் முடிவை மாற்றும் அதிகாரமும், அதற்குரிய நேரமும், மாற்றியதற்காகத் தண்டிக்கப்படாத பாதுகாப்பும் அவருக்கு வேண்டும். இலங்கையில் இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தன்னியக்கத் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை இடம்பெற்றது. உரிமை ஏட்டில் எழுதப்படுதல் முதற்படி. அவ்வுரிமையோடு அலுவலகத்துக்குச் செல்பவர் கணனித் திரைக்கு அப்பால் ஒரு மனிதரைச் சந்திப்பாரா என்பதே அதன் உரைகல்.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடமையுண்டு. நாளைய நிருவாக சேவை உத்தியோகத்தரிற் பலர் இன்றைய கலைப்பீட மாணவரே. கணனி என்பது விஞ்ஞானத்தாரின் விடயம், சட்டம் என்பது சட்டத்தாரின் விடயம் என அவர்கள் ஒதுங்குவாராயின், இருபத்தாறால் வகுத்த அந்த எளிய கணக்கு மீண்டும் எவர் கண்ணிலும் படாமற் போகும். அதனைப் பிழையெனக் காண்பதற்கு வேண்டியது உயர் கணிதம் அல்ல. கூலி வேலை செய்வோர் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக உழைப்பதில்லை என்னும் வாழ்க்கை அறிவும், அதனை மேலதிகாரியிடம் எடுத்துக் கூறும் துணிவுமே வேண்டியன.

பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான். அது அவன் குற்றம். ஆயினும் அவன் வாயிலோன் கண்ணகியின் வருகையை அவனுக்கு அறிவித்தான். அவளை உள்ளே வரவிடுமாறு அவன் பணித்தான். அவள் கூறியதைக் கேட்டான். தவறிய மன்னனாயினும் அவனிடம் இவ்வளவு இருந்தது. இன்றைய அரசுகளிடமும் குடிமக்கள் குறைந்தபட்சம் இவ்வளவையேனும் கேட்டுப் பெற வேண்டும்.